வெயிலுக்கு ஒரு கண்

பிப்ரவரி 6

கேமராத் தம்பிக்கு,

பார்சல் வந்தது. கண்குழிக்கு எடுத்த அச்சு உடையவில்லை. உங்கள் ஊர் கண் டாக்டர் அதைச் சுத்தமாக எடுத்துக் கொடுத்திருக்கிறார், எங்கள் பட்டறை முதலாளியே பாராட்டினார். ஆனால் ஒரு நெல்லிக்காய் அளவு அச்சைப் பஞ்சில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் அடைத்து, டப்பாவுக்கு வேட்டியும் கட்டி அனுப்பியது நீங்களாகத்தான் இருக்கும். நான் பிரித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து உங்கள் அண்ணன், "உள்ள என்னடி, என் தம்பியே வந்துட்டானா?" என்றார்.

போனில் பேச வேண்டாம், கடிதம் எழுதுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் புரிந்தது. போன் அடித்தாலே உங்கள் மகள் வாலு கதவுக்குப் பின்னால் வந்து நிற்கிறாளாமே. பத்து வயதுப் பிள்ளை தன் கண்ணைப் பற்றி நாம் குசுகுசுப்பதைக் கேட்க வேண்டாம். ஆனால் எனக்கும் எழுத்துக்கும் அவ்வளவு சிநேகிதம் கிடையாது. பள்ளிக்கூடம் என்னை ஐந்தாவதோடு அனுப்பிவிட்டது. நானாகத்தான் ஓடி வந்தேன் என்று உங்கள் அண்ணன் சொல்வார், நம்பாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். செயற்கைக் கண்ணில் நான் செய்வது கருவிழிக்கு நிறம் தீட்டுவது. ஆளை எதிரே உட்கார வைத்து, நல்ல கண்ணைப் பார்ப்பேன், ஓர் அடுக்கு தீட்டுவேன், காயவிடுவேன், மறுபடி பார்ப்பேன். போட்டோவைப் பார்த்து இதுவரை தீட்டியதில்லை. என் போனில் உங்கள் சட்டை நீலமாக இருக்கிறது, அண்ணன் போனில் அதே சட்டை ஊதாவாக இருக்கிறது. இதை நம்பிக் கண் செய்யலாமா? பேசாமல் வாலுவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். என் ஓரகத்தியும் வரட்டும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் இரண்டு பேரையும் திட்டி ரொம்ப நாளாகிறது.

அண்ணி


பிப்ரவரி 13

அண்ணிக்கு வணக்கம்.

வாலு வரமாட்டாள். "கண்ணு வந்தாத்தான் வாசப்படி தாண்டுவேன்" என்று சொல்லிவிட்டாள். ஆபரேஷனில் கண்ணோடு கட்டியும் போய்விட்டது, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னார். அவளுக்குக் கட்டியைப் பற்றிப் பயமே இல்லை. தெருவைப் பற்றித்தான். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. ஜூனில் பள்ளி திறக்கிறது. அதற்குள் கண் வராவிட்டால் பள்ளிக்கும் போகமாட்டாள். பிடிவாதத்தில் அவள் யாரைப் போல என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டாம்.

எனவே போட்டோவை வைத்துத்தான் செய்தாக வேண்டும். அதை என்னிடம் விடுங்கள். இத்துடன் மெமரி கார்டு இருக்கிறது. இங்கே பிரிண்ட் போடுகிறவர் யாராக இருந்தாலும் முகத்தைச் சிவப்பாக்கித்தான் கொடுப்பார். உங்கள் பட்டறைத் தெருவில் இருக்கும் கடையில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் சந்தேகத்துக்குப் பதில். கேமராவில் கலர் ஸ்பேஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. ஒரு படத்தில் எந்தெந்த நிறங்களுக்கு இடம் உண்டு என்பதை அது முடிவு செய்கிறது. எஸ்ஆர்ஜிபி என்பது சின்ன வீடு. போனிலும் டிவியிலும் நாம் பார்க்கிற நிறங்கள் அதில் அடங்கிவிடும். அடோப் ஆர்ஜிபி பெரிய வீடு. சின்ன வீட்டில் நுழையவே முடியாத சில பச்சைகளும் நீலப்பச்சைகளும் அதில் தாராளமாகக் குடியிருக்கும். குளியலறை டைல்ஸ் கம்பெனிக்கு நான் எடுக்கும் படங்கள் எல்லாம் பெரிய வீடுதான். ஒரு டைல்ஸுக்கே அவ்வளவு பார்க்கிறவன் மகளின் கண்ணுக்குக் குறைத்துக்கொள்வேனா?

படம் சரியாக இருக்கும். அதில் இருப்பதை அப்படியே தீட்டுங்கள், போதும்.


பிப்ரவரி 27

பெரிய வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "உங்க தம்பி சின்ன வீடு வேண்டாம், பெரிய வீடே போதும்னு எழுதியிருக்கார்" என்றேன். பாவம், குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. என் ஓரகத்தியிடமும் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

கண் இத்துடன் வருகிறது. முதலில் அதன் கதையைக் கேளுங்கள்.

கடையில் பிரிண்ட் போட்டேன். படம் சோகை பிடித்த மாதிரி வந்தது. வாலுவின் கன்னம் நாள்பட்ட ரொட்டி நிறம். கண், தண்ணீர் அதிகமாகிப்போன டீ. கடைக்காரரிடம் சண்டை போட்டேன். "அக்கா, ஃபைல்ல என்ன இருக்கோ அதைத்தான் மிஷின் போடும், நான் என்ன கலரைக் கலந்தா போடறேன்?" என்றார். வேறொரு தாளில் போட்டுக் கொடுத்தார். அதுவும் அதே சோகை.

இதையா தீட்டுவது? யோசித்தேன். வாலு பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படியே அப்பா கண்ணு. உங்கள் கண்ணும் உங்கள் அண்ணன் கண்ணும் ஒரே கண். அந்தத் தேன் நிறத்தை நான் தினமும் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே பார்க்கிறேன். அப்புறம் போட்டோ எதற்கு? அவரைப் பட்டறை ஜன்னலோரம் உட்கார வைத்துத் தீட்டினேன். "ஆடாதீங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்றால், "கல்யாணமான நாள்லேருந்து இப்பத்தாண்டி என்னை இவ்வளவு நேரம் பாக்கறே" என்கிறார். வெள்ளை விழியில் நரம்புக்குச் சிவப்புப் பட்டிழை வைத்து, மேலே கண்ணாடி மாதிரிப் பூச்சு ஏற்றி, பளபளவென்று தேய்த்து முடித்தாயிற்று. முதலாளி கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "உயிர் இருக்கு" என்றார்.

டாக்டரிடம் காட்டிப் போட்டுவிடுங்கள். வாலு வாசப்படி தாண்டியதும் எழுதுங்கள்.

அண்ணி


மார்ச் 8

அண்ணிக்கு,

கண் அளவாகப் பொருந்தியது. வலியில்லை, உறுத்தல் இல்லை. டாக்டர் முகம் பார்க்கும் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "இது பெரியப்பா கண்ணு. பெரியப்பா உள்ள உக்காந்து என்னைப் பாக்கறார்" என்றாள். கழற்றச் சொன்னாள். அது இப்போது அதே பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறிவிட்டது.

அவள் கண் என் கண் இல்லை, அண்ணி. பிறந்தபோது சொன்னார்கள் என்கிறீர்கள். அப்போது அவள் கண்ணையே திறக்கவில்லை. அவளுக்கு அவள் அம்மா கண். நடுவில்தான் தேன் நிறம். ஓரத்துக்குப் போகப் போகப் பாசிப் பச்சை, அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். அந்தப் பச்சைக்காகத்தான் பெரிய கலர் ஸ்பேஸில் எடுத்தேன். படத்தில் இருப்பதைத் தீட்டுங்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் படத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உங்கள் புருஷனை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் எல்லாவற்றையும் விளையாட்டாக எடுத்துக்கொள்வீர்கள். இதையுமா? நாலெழுத்து படித்த ஒருவராக இருந்தால், படம் புரியவில்லை என்று எழுதிக் கேட்டிருப்பார். வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். அச்சைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.


மார்ச் 15

தம்பிக்கு,

அச்சை அனுப்பமாட்டேன்.

நாலெழுத்து விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எனக்கு நாலெழுத்து தெரியும், அதில் இரண்டை வைத்து உங்களைத் திட்டவும் தெரியும். உங்கள் அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டு ராத்திரி சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். அவர் பங்கையும் சேர்த்து. கோபம் வந்தால் எனக்குப் பசி அதிகம்.

செய்தது தப்பு. படம் சரியில்லை என்று தெரிந்ததும் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எனக்குத் தெரிந்த கண்ணைத் தீட்டிவிட்டேன். வாலு சொன்னதை வாசித்தபோது முதலில் சிரித்துவிட்டேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணைக் கண்ணாடியில் பார்க்கும்போது அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்.

ஆனால் ஒன்று. நீங்கள் வேறு ஆளைப் பார்ப்பீர்கள், அவரும் ஒரு பிரிண்ட் போடுவார், அதையே தீட்டுவார். சொன்னதைச் செய்கிற நல்ல மனுஷராக இருப்பார். அப்போது வாலுவுக்கு என்ன கண் கிடைக்கும் தெரியுமா? அதைத்தான் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். கடையில் போட்ட இரண்டு பிரிண்டும் இருக்கின்றன. மகளை ஜன்னல் பக்கத்தில் நிறுத்தி, கண்ணுக்குப் பக்கத்தில் இதைப் பிடித்துப் பாருங்கள். பாசிப் பச்சை எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டுங்கள்.

காட்டிவிட்டால் அச்சை நானே ரயிலேறிக் கொண்டுவந்து தருகிறேன். காட்ட முடியாவிட்டால் கண்ணை நான்தான் செய்வேன். மூன்று தடவை ஆனாலும் சரி, முப்பது தடவை ஆனாலும் சரி.

அண்ணி


மார்ச் 24

அண்ணிக்கு வணக்கம்.

காட்ட முடியவில்லை.

உங்கள் உறையைப் பிரித்தபோது என் முதல் எண்ணம், கடைக்காரர் கெடுத்துவிட்டார் என்பதுதான். பிறகு என் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தேன். பச்சை இருந்தது. வளையம் இருந்தது. அதையே வேண்டுமென்றே தப்பாகத் திறந்து பார்த்தேன். பெரிய வீட்டுக் கணக்கில் எழுதிய படத்தைச் சின்ன வீட்டுக் கணக்கில் படித்தால் என்ன ஆகும் என்று. அப்படியே உங்கள் பிரிண்ட். அதே ரொட்டி, அதே டீ.

உங்கள் தெருக் கடையின் மிஷின் எந்தப் படத்தையும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான கடைகளில் அப்படித்தான். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. டைல்ஸ் படங்கள் போகும் அச்சகத்தில் நான் சொல்லிவைத்திருக்கிறேன், அவர்கள் சரியாகப் படிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் கேமராவின் அமைப்பை மாற்றாமல் எடுத்தேன். படம் எந்தக் கடைக்குப் போகும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் கண்ணின் பச்சை ஒன்றும் அப்படிப்பட்ட பச்சை இல்லை. சின்ன வீட்டிலேயே கால் நீட்டிப் படுக்கும்.

எனவே இந்த முறை எஸ்ஆர்ஜிபி. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நினைத்து நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், படுங்கள்.

அதுவும் போதாது. டைல்ஸ் படம் எடுக்கும்போது மாதிரித் துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து எடுப்போம். நிறம் எங்காவது பிசகினாலும் இரண்டும் சேர்ந்துதான் பிசகும். நீங்கள் கருவிழி மாதிரிச் சின்ன வட்டங்களாக, தேன் நிறத்திலும் பச்சையிலும் பல கலவைகள் தீட்டி அனுப்புங்கள். அவள் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் சேர்த்து எடுக்கிறேன். பிரிண்டில் எந்த வட்டம் அவள் கண்ணோடு ஒத்துப்போகிறதோ அந்தக் கலவையைத் தீட்டலாம்.

நாலெழுத்து என்று எழுதியது தப்பு. அண்ணனைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இவ்வளவையும் வாலு தெரிந்துகொண்டுவிட்டாள். உங்கள் கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டு, "பெரியம்மா முப்பது தடவை செய்வாங்களாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து கடிதங்களை ஒளித்துவைப்பதில்லை.


ஏப்ரல் 2

தம்பிக்கும், இதைப் படித்துக்கொண்டிருக்கும் வாலுவுக்கும்,

உங்கள் அண்ணன் சாப்பிட்டுவிட்டார். விட்டுப்போன வேளைகளுக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

வட்டங்கள் இருக்கின்றன. ஐஸ் குச்சிகளில் ஒட்டியிருக்கிறேன், பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கும். குச்சிகளுக்காக நான் தின்ற ஐஸ் எல்லாம் வேலைச் செலவு. ஒவ்வொன்றின் முதுகிலும் எண் போட்டிருக்கிறேன், என்ன கலவை என்று என்னிடம் குறிப்பு இருக்கிறது. தம்பி, ஏழாம் எண் உங்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது சத்தியமாக டைல்ஸ் நிறம்.

இனி வாலுவுக்கு மட்டும். அப்பா பக்கத்தில் இருந்தால் எழுந்து போகச் சொல்.

கண்ணு, ஒரு விஷயத்தை நீ முடிவு செய்ய வேண்டும். அப்பா இல்லை, நான் இல்லை, நீ. கண்ணுக்கு நடுவில் கறுப்பாக இருக்கிறதே கண்மணி, அது வெயிலில் சுருங்கும், வீட்டுக்குள் வந்தால் விரியும். நான் தீட்டும் கண்மணி சுருங்கவும் செய்யாது, விரியவும் செய்யாது. ஒரே அளவுதான். நிறமும் அப்படித்தான். டியூப் லைட்டில் அச்சு அசலாக இருக்கிற பெயிண்ட் வெயிலில் கொஞ்சம் மாறும். இரண்டு இடத்திலும் நூற்றுக்கு நூறு வராது. ஒரு இடத்தில் நூறு, இன்னொரு இடத்தில் தொண்ணூறு. ரொம்பக் கிட்டே வந்து முறைத்துப் பார்க்கிறவனுக்குத்தான் அந்தப் பத்து தெரியும். அவனைக் கிள்ளிவிடு.

உனக்கு எங்கே நூறு வேண்டும்? வீட்டுக்குள்ளா, வெயிலிலா? எங்கே வேண்டுமோ அந்த வெளிச்சத்தில் அப்பா படம் எடுக்கட்டும். அவசரமில்லை. எது சொன்னாலும் பெரியம்மா செய்வேன்.

பெரியம்மா


ஏப்ரல் 14

அண்ணிக்கு வணக்கம்.

படித்து முடித்ததும் அவள், "வீட்டுக்குள்ளதான்" என்றாள். நான் டியூப் லைட்டைப் போட்டு, கேமராவைத் தயார் செய்தேன். குச்சிகளை வரிசையாக அடுக்கினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு மறுபடி போட்டுக்கொண்டாள். "நாளைக்கு" என்றாள்.

மறுநாளும் "நாளைக்கு" என்றாள். அவள் அம்மா, "விடுங்க, அவளை நெருக்காதீங்க" என்றாள். நாலைந்து நாள் இப்படியே போனது. உங்கள் கடிதம் அவள் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

நேற்றுக் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசல் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் வாசலுக்கு வெளியே, தெருவில், எதிர்ச் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். முகத்தில் கண்ணாடி இல்லை. கையில் குச்சிகள்.

"சீக்கிரம் எடு, பசங்க வர்றதுக்குள்ள" என்றாள்.

வாயில் நுரையோடு கேமராவை எடுத்துக்கொண்டு ஓடினேன். கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபியில் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். "என்னப்பா பண்றே?" என்று அதட்டினாள். ஒவ்வொரு குச்சியாகக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது, கண்ணைச் சுருக்கினாள், சற்றே நிழலுக்கு நகர்த்தி நிறுத்தினேன். பாதியில் பசங்கள் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்து, "சும்மாதானே நிக்கறே, இந்தக் குச்சியைப் பிடி. ஆட்டாதே" என்றாள். பிடித்தான். கடைசி நான்கு படங்களில் ஓரத்தில் தெரியும் கை அவனுடையது.

எதுவும் கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உள்ளே வந்ததும் கேட்டுவிட்டேன், ஏன் வெயில் என்று. "வீட்ல நீங்க ரெண்டு பேரும்தானே இருக்கீங்க. உங்களுக்குத் தொண்ணூறு போதும்" என்றாள்.

கார்டு இத்துடன் வருகிறது.


மே 19

தம்பிக்கு,

உங்கள் கார்டு வந்ததும் கடைக்கு ஓடினேன். பிரிண்ட் மிஷினிலிருந்து வெளியே வரும்போதே கன்னம் கன்னமாக இருந்தது. கடைக்காரர், "இப்ப சந்தோஷமாக்கா?" என்றார். அதெல்லாம் உடனே சொல்லிவிடக்கூடாது என்று முறைத்துவிட்டு வந்தேன்.

பதினோராம் எண் நடுவுக்கு ஒத்துப்போனது. ஓரத்துக்கு எந்த வட்டமும் ஒத்துவரவில்லை, நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் ஒரு பச்சை. அதைக் கலக்கத்தான் இவ்வளவு நாள். தீட்டி, காயவைத்து, பட்டறை வாசலில் வெயிலில் கொண்டுபோய்ப் பிரிண்டோடு வைத்துப் பார்ப்பேன், சரியில்லை என்று சுரண்டுவேன். உங்கள் அண்ணன் இரண்டு தடவை வந்து, நான் வேண்டுமானால் உட்காரட்டுமா என்று கேட்டார். வாயைத் திறந்தால் உங்களுக்கே ஒரு கண் செய்துவிடுவேன் என்றேன்.

இந்தக் கண் யாருடைய கண்ணும் இல்லை. என் ஓரகத்தியுடையதும் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். நடுக்கண்மணி வெயில் அளவுக்குச் சின்னதாக இருக்கிறது. வீட்டுக்குள் அவளைப் பார்க்கும்போது ஒரு கண் கொஞ்சம் கூர்மையாகத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் பழகிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் காட்டிய பிறகே போடுங்கள்.

இதுவும் சரியில்லை என்றால் அச்சு என்னிடம்தான் இருக்கிறது. நான் எங்கும் போகவில்லை.

அண்ணி


மே 31

அண்ணிக்கு,

காலையில் டாக்டரிடம் போய்ப் போட்டுக்கொண்டு வந்தோம். அங்கே கண்ணாடியைக் கொடுத்தபோது அவள் வாங்கவில்லை. "இங்க வேண்டாம், இங்க டியூப் லைட்டு" என்றாள். டாக்டருக்கு எதுவும் புரியவில்லை. வெளியே வந்ததும் நிறுத்தி வைத்திருந்த ஒரு வண்டியின் பக்கக் கண்ணாடியில் குனிந்து பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். வண்டிக்காரர் வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவள் பார்த்து முடிக்கும் வரை அவரும் நின்றார்.

நான் கேமராவைத் தூக்கியதும், "இப்ப வேண்டாம்ப்பா, வேலை இருக்கு" என்றாள்.

என்ன வேலை என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் தெருவுக்குப் போய்விட்டாள். அவள் அம்மா பின்னாலேயே போகப் பார்த்தாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது இதை ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. வெளியே பந்து விளையாட்டு. சண்டை நடக்கிறது. எல்லோர் குரலுக்கும் மேலே அவள் குரல், "நான் அவுட் இல்ல! போய் யாரை வேணா கேளு! நான் அவுட் இல்ல!"

அவுட்தான், அண்ணி. நான் பார்த்தேன்.